ஐந்நூற்று ஐம்பத்தேழு

கிளாஸ்கோவில் மழை நிற்பதே இல்லை என்பார்கள். பொய்.
நான் உள்ளே இருக்கும் நேரம் பார்த்து நிற்கும்.

மூன்றாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை.
மேசைமேல் ஓர் எஃகு வளையம்,
அதில் பறைத்தோலாய் இழுத்துக் கட்டிய பாலிஇமைடு படலம்,
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்.
அதன்மேல் செம்பு, அரை மைக்ரான்கூட இல்லை.
செம்பில் வெட்டிய கூட்டல் குறிகள்,
பத்தாயிரத்துச் சொச்சம்.

சல்லடை என்று அப்பாவிடம் போனில் சொன்னேன்.
புரிந்துகொண்டார், தவறாக.
சல்லடையில் துளையைவிடச் சிறியது விழும்.
இதில் துளையின் அகலம் பன்னிரண்டு மைக்ரான்,
அலையோ அரை மில்லிமீட்டருக்கு மேல்.
பூனை நுழையும் சந்தில் யானை போகிறது.
ஆனால் ஒரே யானை,
குறியின் கைநீளத்தோடு காலடி ஒத்துப்போகிற யானை.
மற்றதெல்லாம் செம்பில் முட்டித் திரும்புகிறது.

எந்த அலை என்று நீளம் முடிவு செய்கிறது.
எவ்வளவு கண்டிப்பு என்று அகலம்.
கண்டிப்பைக் கூட்டிப் பார்த்தேன்: பன்னிரண்டு, ஒன்பது, ஆறு.
சிகரம் ஊசியானது. கூடவே குட்டையும் ஆனது.
அலை செம்புக்குள் நெடுநேரம் சுற்றிச் சுற்றி
தன்னையே சூடாகச் செலவழித்துவிடுகிறது.
பன்னிரண்டுக்கே திரும்பினேன்.

வேண்டியது ஐந்நூற்று ஐம்பத்தேழு கிகாஹெர்ட்ஸ்,
அரை டெராஹெர்ட்ஸுக்குச் சற்று மேல்,
நீராவி சுழலும் சுருதி.
ஒரு வால்மீனிடம் தண்ணீர் உண்டா என்று
கேட்கப்போகும் கருவிக்கு.

முதல் தொகுதி 541-இல் நின்றது.
படலத்தின் விலகல் எண்ணைப் பழைய அட்டவணையிலிருந்து
எடுத்தது என் குற்றம். கைகளில் ஏழு மைக்ரான் குறைத்தேன்.
இரண்டாம் தொகுதி வந்தது.
சிகரம் இருக்க வேண்டிய இடத்தில்
இரட்டைக் கொம்பு. நடுவில் பள்ளம்.

இரவு பதினொன்றுக்கு எய்லிக்கு மின்னஞ்சல்:
பாதிக் குறிகள் வேறு நீளமாய் அரிக்கப்பட்டிருக்கின்றன,
இல்லாவிட்டால் இரண்டு சிகரம் எப்படி வரும்,
அமில நேரத்தை யாராவது பார்த்தீர்களா.
அனுப்பிய பிறகு வாசித்தேன்.
ஒவ்வொரு வரியிலும் கண்டிப்பு, ஆறு மைக்ரான்.

காலையில் பதில்.
இருநூறு குறிகளின் நீளம், நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக.
அதிகபட்ச விலகல் அரை மைக்ரான்.
வாக்கியம் எதுவும் இல்லை. வெறும் எண்கள்.

அளவைப் பெட்டியின் மூடிமேல் குனிந்து
பெருமூச்சு விட்டேன், வேறென்ன செய்வது.
திரையில் பள்ளம் ஆழமானது.

மறுபடி ஊதினேன். மறுபடி ஆழமானது.
மூச்சை அடக்கினேன். மெல்ல மேலேறியது.

உலர்ந்த நைட்ரஜன் நிறைந்திருப்பதாக நான் நம்பிய பெட்டி.
மூடியோரம் வெடித்துப்போன ரப்பர்.
இரண்டு சதவீதத்திலேயே செத்துக் கிடந்த ஈரப்பதமானி.
நீருக்கென்று திறந்த ஒரே வாசலில்
நீர் நின்றுகொண்டிருந்தது:
கெல்வின் ஆற்றங்கரையில் நேற்று என் கோட்டில் ஏறியது,
கெட்டிலிலிருந்து வந்தது, என் வாயிலிருந்து வந்தது.
அதைத்தான் எய்லியின் பிழை என்று எழுதியிருந்தேன்.

புது ரப்பர். ஒரு மணி நேரம் வாயு ஓட்டம்.
கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.
ஒற்றைச் சிகரம், 556.8. உயரம் எண்பத்தொரு சதவீதம்.

ஈராயிரம் ஆண்டுக்கு முன் பானை ஓட்டில்
க என்று கீறியவர் போட்டதும் இதுவே,
ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.
பின்னால் அது வளைந்து, வால் வளர்ந்து,
ஒன்று என்ற எண்ணுக்கும் உருவம் கொடுத்தது.
பத்தாயிரம் முறை க. போகவிடுவது ஒன்று.
இதை அளவை அறிக்கையில் எழுத இடமில்லை.

தேநீர் அறையில் எய்லி ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
பெட்டிக்குள் என் மூச்சு இருந்தது என்றேன்.
“அப்போ இனிமேல் விடாதே” என்று கடித்தாள்.
அது சிரிப்பா என்று தெரிய நேரம் பிடித்தது.

அடுத்த தொகுதியின் உறைமேல்
அவள் பெயருக்குக் கீழே ஒரு + போட்டேன்.
எதோடு எதைக் கூட்டணும், என்றாள்.
சொல்ல ஆரம்பித்தேன்.
அவளுடைய பேருந்து வந்துவிட்டது,
மழையும்.